சார் பாதியில் விட்ட கேசட்டுகள்

தொலைபேசியில் கடன் அட்டை விற்க அழைக்கும் பெண்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லும் ஒரே ஆளை நான் மராத்தி பேசும் மோஷியில்தான் பார்த்தேன். மற்றவர்கள் முதல் வாக்கியத்திலேயே துண்டித்துவிடுவார்கள். எதிர் வீட்டு அக்கா துண்டிக்கமாட்டார். கையில் கரண்டியோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைபேசியை இடுக்கிக்கொண்டு, "ஹாங் ஜி, ஹாங் ஜி" என்று கடைசி விவரம் வரைக்கும் கேட்பார். அந்தப் பெண் மூச்சு வாங்க நிறுத்தியதும், "ஹோ கயா பேட்டா?" என்று முடிந்ததா எனக் கேட்டு, "நஹி சாஹியே" என்று சொல்லி வைத்துவிடுவார்.

"வேணாம்னு முதல்லயே சொல்லிடலாமேக்கா" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ஆரம்பிச்சிருச்சு இல்ல. நடுவுல எப்படி வெட்டுறது?"

அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இரக்கம் இல்லை. பாதியில் நிற்கும் எதையும் அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியைச் சுற்றி மாலை நடை போகும்போது மழை பிடித்துக்கொண்டால் எல்லோரும் அவரவர் பில்டிங்குக்குள் ஓடுவார்கள். அக்கா நனைந்துகொண்டே அந்தச் சுற்றை முடித்துவிட்டுத்தான் வருவார். எவ்வளவு மோசமான படமானாலும் எழுத்துகள் ஓடி முடிகிறவரை எழுந்திருக்கமாட்டார். ஆறிப்போன டீயைக் கீழே கொட்டமாட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசி மடக்கு வரை குடிப்பார்.

நான் மோஷிக்குக் குடிவந்தபோது என் கணவரைவிட்டுப் பிரிந்து வந்திருந்தேன். என் அலுவலகம் கராடியில். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கிற வேலை. வாரத்தில் ஒரு நாள் போனால் போதும், மிச்ச நாள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கராடிப் பக்கம் எங்கள் ஊர்த் திருச்சிக்காரர்கள் நிறைய. யாராவது ஒருவர் ஊரில் சொல்லிவிடுவார்கள். மோஷியில் என்னை யாருக்கும் தெரியாது. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அங்கே வீடு பார்த்தேன். வந்த மறுநாள் எதிர் வீட்டு வாசலில் வெல்கம் என்று எழுதிய மிதியடியும், கதவு நிலையில் பிள்ளையார் படமும், அதற்குக் கீழே தமிழில் ஒரு முருகன் ஸ்டிக்கரும் பார்த்துத் திரும்பி உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. அதற்குள் கதவு திறந்துவிட்டது.

"ஆன்ட்டி, நான் எதிர் வீட்டுல—"

"ஆன்ட்டி நகோ, வேணாம். இந்த பில்டிங்ல எல்லாருக்கும் நான் காக்கூ. நீயாவது அக்கான்னு கூப்பிடு. இன்னா ஊரு?"

சொன்னேன். ஏன் தனியாக வந்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, பிறகும் கேட்கவில்லை. அக்கா கட்கியில் பிறந்தவர். அப்பாவுக்கு அங்கே ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை. குடும்பம் வேலூர்ப் பக்கம். அக்காவின் தமிழில் வேலூரும் கட்கியும் சேர்ந்தே இருக்கும். தமிழ் படிக்க வரும், எழுத்துக்கூட்டித்தான். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். அங்கே யாராவது நீண்ட விடுப்பில் போனாலோ வேலையைவிட்டுப் போனாலோ அவர்களுடைய கோப்புகள் எல்லாம் அக்காவின் மேஜைக்குத்தான் வருமாம். "எல்லாம் அரைகுறை. நான் உக்காந்து முடிப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். பெருமையாகச் சொல்லவில்லை. காலையில் பல் தேய்த்தேன் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் எதையுமே முடிக்காதவர். அவரை நான் சார் என்று கூப்பிடுவேன். சாகணில் ஒரு கார் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல உயரம். எப்போதும் ஒரு சிரிப்போடு இருப்பார். அவர்கள் வீட்டு ஹாலில் ஒரு சுவர் மட்டும் இளம்பச்சையாக இருக்கும், மற்ற மூன்றும் பழைய மஞ்சள். ஒரு தீபாவளிக்குச் சார் தானே பெயின்ட் அடிக்கிறேன் என்று தொடங்கியது. பால்கனியில் புறா வராமல் இருக்க வலை பாதிக்குக் கட்டியிருந்தது. மீதிப் பாதி வழியாகப் புறாக்கள் வசதியாக வந்துபோயின. சார் நீச்சல் வகுப்பில் சேர்ந்து தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொண்டதும் நின்றுவிட்டார். கீபோர்டு வாங்கி ஒரு கையால் வாசிக்கிற அளவுக்கு வந்தார்.

"இன்னொரு கை எப்ப வரும்?" என்று அக்கா கேட்பார்.

"ரிடையர் ஆனதும் வரும்" என்பார் சார்.

அந்தக் கேசட்டுகளும் ரிடையர் ஆனதும் என்கிற கணக்கில் சேர்ந்தவைதான். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். மகள் வளர்ந்து அதை மறந்துவிட்டாள். சார் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜுனா பஜாருக்குப் போய், தரையில் விரித்துப் போட்டிருக்கும் பழைய சாமான்களுக்கு நடுவே கேசட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். மஞ்சளும் கறுப்புமாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். மேலே ஒட்டியிருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் விளையாட்டுக்கும் பல சமயம் சம்பந்தம் இருக்காது. எல்லாமே கஷ்டமான பழைய விளையாட்டுகள். இந்தக் காலத்து விளையாட்டுகள் மாதிரி விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. செத்தால் முதலிலிருந்து வரவேண்டும். சார் ஒவ்வொன்றையும் நடுப்பகுதிவரை ஆடுவார். பிறகு அடுத்த ஞாயிறு வேறொன்று வந்துவிடும்.

ஒரே ஒரு விளையாட்டை மட்டும் அவர் திரும்பத் திரும்ப எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு குட்டிச் சிப்பாய் கோட்டைக்குள் புகுந்து போகிற விளையாட்டு. கடைசியில் ஒற்றைக் கண் அரக்கன் ஒருவன் வருவான். அவனைத் தாண்டி ஒரு நீலக் கதவு. "அந்தக் கதவு திறக்கவே மாட்டேங்குதும்மா" என்று சார் என்னிடம்கூடச் சொல்லியிருக்கிறார், லிஃப்டில் போகும்போது, ஏதோ அலுவலகத்துப் பிரச்சினையைச் சொல்வதுபோல.

ரிடையர் ஆவதற்குச் சில மாதம் இருக்கும்போது சார் இறந்துபோனார். சாகணிலிருந்து திரும்புகிற கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில். தூங்குகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் எழுப்பவில்லை. அவர் இறங்க வேண்டிய மோஷி நிறுத்தமும் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் வந்து தோளைத் தட்டியிருக்கிறார். அக்கா ஏன் இன்னும் காணோம் என்று சாரின் எண்ணுக்கு அழைத்தபோது டிரைவர்தான் எடுத்தார்.

அன்றைக்கு அக்கா என் கதவைத் தட்டினார். கையெல்லாம் மாவு.

"ஒரு ரிக்ஷா கூப்பிடு. ஆஸ்பிட்டல் போவணும். அவரு போயிட்டாராம்" என்றார்.

நான் அக்காவின் வீட்டுக்குள் ஓடிப்போய் அவருடைய பையை எடுத்தேன். அடுப்பு அணைந்திருந்தது. சப்பாத்தி டப்பா மூடியிருந்தது. தொட்டேன், சுட்டது. பிசைந்த மாவில் மிச்சம் எதுவும் இல்லை. பலகைகூடத் துடைத்திருந்தது. போனில் விஷயம் தெரிந்த பிறகு, இருந்த மாவை எல்லாம் தேய்த்துச் சுட்டு முடித்துவிட்டுத்தான் அக்கா என்னிடம் வந்திருக்கிறார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சூடான டப்பாவை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து கேசட் பெட்டியை இழுத்தார். வீட்டில் சாரின் தங்கை இருந்தார், ஆம்பூரிலிருந்து வந்தவர். நானும் இருந்தேன், பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா டிவியில் ஒயரை மாட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரில் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டார்.

சாரின் தங்கை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா அண்ணி இது? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. அண்ணன் போயி ஒரு மாசங்கூட ஆவல. டிவில பொம்மைய வச்சி ஆட்டிக்கினு இருக்கிற."

"அவரு பாதியில விட்டது."

"விட்டா விட்டுட்டுப் போறாரு. அண்ணன் தட்டுல மிச்சம் வச்சத ஒருநாளாவது நீ தொட்டிருக்கிறியா? எங்கம்மா எவ்ளோ சொன்னாங்க. அப்பல்லாம் மாட்டேன்னுட்டு இப்ப இதுக்குப் போயி உக்காந்துக்கினு இருக்கிற."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தட்டுல இருந்தத அவரையே முடிக்க வச்சேன். இத முடிக்க வைக்க முடியல."

தங்கை திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பாத்திரங்களை மேடைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அக்கா ஆடினார். யாரும் நினைப்பதுபோல அதில் வெறி எதுவும் இல்லை. வேலைக்குப் போகிற மாதிரி உட்காருவார், வாசல் பெருக்க ஆள் வருகிற நேரத்துக்கு எழுந்துவிடுவார். முதலில் ஒன்றுமே தெரியாது. எந்தப் பொத்தானுக்குக் குதிக்கும், எதற்குச் சுடும் என்பதுகூடத் தெரியாமல் அந்தச் சின்ன உருவங்களைப் பள்ளத்தில் விழவைத்துக்கொண்டே இருந்தார். விழுந்தால் எரிச்சல் கிடையாது. மறுபடி முதலிலிருந்து. எனக்குப் பார்க்கவே அலுத்துப்போகும். என் வேலையும் அதேதான், ஒரே பொத்தானை நூறு தரம் அழுத்திப் பார்ப்பது. ஆனாலும் அக்காவின் பொறுமை எனக்கு இல்லை. வாரக்கணக்கில் ஒரே பள்ளத்தில் விழுந்து, ஒருநாள் தாண்டிவிடுவார். தாண்டியதும் முகத்தில் ஒன்றும் இருக்காது.

முதல் விளையாட்டை அவர் முடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கோட்டை இடிந்து விழுந்தது, வானத்தில் பட்டாசு வெடித்தது, எழுத்துப் பிழையோடு ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்து வந்தது. அக்கா அதைக் கடைசி எழுத்து வரைக்கும் பார்த்தார். பிறகு எழுந்து டிவியை அணைத்துக் கேசட்டை உருவி, வாயால் ஊதித் தூசி தட்டி, பழைய செருப்பு டப்பா ஒன்றில் போட்டார். முடிந்தவற்றுக்கு அந்த டப்பா.

"சந்தோஷமா இல்லையாக்கா?"

"முடிஞ்சிது" என்றார். "நாளைக்கு அடுத்தது எடுக்கணும்."

நானும் அந்தச் சமயத்தில் எதற்கும் பெரிதாகச் சந்தோஷப்படவோ வருத்தப்படவோ இல்லை. அதனால்தானோ என்னவோ அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. யாரும் தேற்றமாட்டார்கள், யாரையும் தேற்ற வேண்டாம். வேலைக்கு நடுவே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். சில நாள் இரண்டாவது ரிமோட்டை என் கையில் கொடுப்பார். நான் சீக்கிரமே செத்துவிடுவேன். அக்கா தனியாகத் தொடர்வார்.

அப்படி ஒரு மதியம், செத்துப்போய் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "எனக்கு விவாகரத்து ஆயிடுச்சுக்கா" என்றேன். எனக்குத் திருமணம் ஆனதையே அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

அக்கா திரும்பவில்லை. திரையில் ஒரு வௌவால் வந்துகொண்டிருந்தது. அதை அடித்தார்.

"பேப்பர் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கையெழுத்து எல்லாம் ஆச்சா?"

"ஆச்சு."

"அப்ப முடிஞ்சிது. இந்த ஸ்டேஜ் ஆவட்டும், சாய் போடுறேன்."

ஸ்டேஜ் முடிந்ததும் டீ போட்டுக்கொடுத்தார். இஞ்சி அதிகமாக இருந்தது. ஊரில் அம்மாவும் சித்தியும் மாதக்கணக்கில் பேசிப் பேசி எனக்குள் ஒன்றுமே நகரவில்லை. அக்கா சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் பசித்தது. ரொம்ப நாளைக்கப்புறம் பசித்தது.

குளிர்காலம் வந்தபோது அக்காவின் வலது கட்டைவிரல் மடங்கினால் நிமிர மறுத்தது. நிமிர்த்தினால் சொடுக்கென்று ஒரு சத்தம் வரும். டாக்டர் விரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார், இல்லையென்றால் சின்னதாக ஓர் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும் என்றார். அக்கா கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தப் பழகினார். அதற்கு ஒரு மாதம் போயிற்று.

பெங்களூரிலிருந்து அக்காவின் மகள் எனக்கு அழைத்தாள்.

"அக்கா, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன். நான் கூப்பிட்டா, இதோ இத முடிச்சிட்டு வரேன்னே சொல்றாங்க. அப்பா போனதுலேர்ந்து என்கிட்ட அதப் பத்திதான் பேசறாங்க, அஞ்சாவது ஸ்டேஜ், ஆறாவது ஸ்டேஜ்னு. எனக்குப் பயமா இருக்கு. வந்து பாத்தா நல்லாத்தான் இருக்காங்க. குளிக்கிறாங்க, சமைக்கிறாங்க. ஆனா ஏதோ சரியில்ல."

"இன்னும் எத்தனை பாக்கி இருக்குன்னு கேட்டீங்களா?"

"ஒண்ணுதானாம். அந்தக் கதவு விளையாட்டு. அது ஆச்சுன்னா வந்துடறேன்னு சொல்றாங்க."

அந்த ஒன்றைத்தான் அக்கா கடைசிக்கு வைத்திருந்தார். சார் எங்கே நின்றார் என்று அக்காவுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு அதுதான். சமையலறையிலிருந்து பார்த்தால் டிவி தெரியும். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே எத்தனையோ தடவை அந்த நீலக் கதவைப் பார்த்திருக்கிறார். அக்கா கோட்டைக்குள் போய், எல்லாக் கட்டத்தையும் தாண்டி, ஒற்றைக் கண் அரக்கனைக் கொல்கிற நிலைக்கு வந்துவிட்டார். அரக்கன் விழுவான். கதவு மூடியே இருக்கும். சிப்பாய் அதன் முன்னால் நிற்பான். மேலே மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்து சுழியமாகும், சிப்பாய் மல்லாந்து விழுவான். மறுபடி முதலிலிருந்து.

வேறு ஏதோ செய்ய வேண்டும் போலிருக்கிறது, நமக்குத்தான் புரியவில்லை என்று அக்கா நினைத்தார். அந்த அறையின் ஒவ்வொரு கல்லையும் குதித்து முட்டிப் பார்த்தார். குனிந்து பார்த்தார். அரக்கனை வேகமாகக் கொன்று பார்த்தார், மெதுவாகக் கொன்று பார்த்தார். ஒவ்வொரு முயற்சிக்கும் மதியம் முழுக்க வேண்டும். மாதங்கள் போயின. "நெட்ல யாராவது ஆடி வச்சிருப்பாங்கக்கா, ஒருதடவை பார்த்துடுங்களேன்" என்றேன்.

"அடுத்தவன் முடிச்சதப் பாத்து முடிச்சா அது நான் முடிச்சதா? நகோ."

பலநாள் கூடவே உட்கார்ந்து பார்த்ததில் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. ஒரே விஷயத்தை எத்தனை விதமாகச் செய்தாலும் விளைவு துளிகூட மாறவில்லை என்றால், பெரும்பாலும் தவறு செய்கிறவரிடம் இருக்காது. ஒருநாள் என் வீட்டில் உட்கார்ந்து நானே தேடினேன். எங்கோ ஒருவன் அதே விளையாட்டை முழுவதும் ஆடிப் பதிவேற்றியிருந்தான். அதே கோட்டை, அதே அரக்கன். அரக்கன் விழுந்ததும் அவன் கண் இருந்த இடத்திலிருந்து ஒரு சாவி கீழே விழுந்தது. சிப்பாய் அதை எடுத்தான். கதவு திறந்தது.

அக்காவின் கேசட்டில் சாவி விழுந்ததே இல்லை. அது ஜுனா பஜாரில் வாங்கிய திருட்டு நகல். நகலெடுத்தபோது அந்த இடம் மட்டும் கெட்டுப்போயிருக்கிறது. அதில் சாவியே இல்லை. யார் ஆடினாலும் எத்தனை வருடம் ஆடினாலும் கதவு திறக்காது.

சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால், நாளைக்கு மதியம் அவர் என்ன செய்வார்? சொல்லாவிட்டால் இப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சொன்னால் பெங்களூர் போய்விடுவார் என்பதும் மனதில் இருந்தது. எதிர் வீட்டில் பூட்டு தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் டீ தம்ளரை எடுக்கும்போது அவருடைய விரல் பிடிக்காமல் தம்ளர் நழுவித் தரையெல்லாம் டீ ஆயிற்று. அக்கா துடைத்துவிட்டு நாற்காலிக்கே போனார். நான் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, அந்தக் கதவு திறக்காது."

"திறக்கும். எங்கியோ ஒண்ணு விட்டுப்போவுது."

"இல்லக்கா. அந்த ஒத்தைக் கண்ணன் செத்ததும் ஒரு சாவி விழணும். இந்தக் கேசட்ல விழாது. டூப்ளிகேட் கேசட். காப்பி பண்ணும்போது அந்த இடம் போயிருக்கு."

சிப்பாய் ஒரு பாலத்தின் மேல் நின்றிருந்தான். அக்காவின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது.

"நீ பாத்தியா?"

"நெட்ல பார்த்தேன். ஒரிஜினல்ல சாவி வருது."

"நான் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல."

"நீங்க பார்க்கலையேக்கா. நான்தான் பார்த்தேன்."

பாலத்தின் மேல் எதுவோ உருண்டு வந்து சிப்பாயை அடித்தது. அவன் விழுந்தான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தொடங்கவில்லை.

"அப்ப நம்ம கையில தப்பு இல்லியா?"

"இல்ல."

"யாரு ஆடினாலும்?"

"யாரு ஆடினாலும் அந்தக் கதவு வரைக்கும்தான். அதுக்கு மேல இந்தக் கேசட்ல போக முடியாது."

நான் ஒரிஜினல் கேசட் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன் என்றேன். வெளிநாட்டில் யாராவது விற்பார்கள், வரவழைக்கலாம் என்று ஏதேதோ சொன்னேன். அக்கா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"வேற கேசட்டு வேணாம். அவரு ஆடினது இது" என்றார். மடியிலிருந்த கண்ணாடியை மடக்கிக்கொண்டே, "அவரும் அங்கதான் நின்னாரு. அந்தக் கதவுகிட்ட" என்றார்.

"ஆமாக்கா."

"நான் இன்னா சொல்லிக்கினு இருந்தேன், தெரியுமா? நடுவுல விட்டுட்டாரு, நடுவுல விட்டுட்டாருன்னு." அவர் கை கேசட்டின் மேல் இருந்தது. "இதுல அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னா, அவரு முடிச்சிட்டாரு."

 

அக்கா கைபேசியை எடுத்து மகளுக்கு அழைத்தார். அவள் ஏதோ மீட்டிங்கில் இருந்திருக்க வேண்டும், மெதுவான குரலில், "சொல்லும்மா, என்ன?" என்றது எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்ல. உங்கப்பா அத முடிச்சிட்டாரு."

"என்னம்மா? எதை?"

"அந்தக் கோட்டை விளையாட்டு. உங்கப்பா கடைசி வரைக்கும் போயிட்டாருடி. அவருக்கே தெரியாது. எனக்கும் தெரியாது. அவரு விடல, அவரு முடிச்சிட்டாரு, அவருதான்—"

 என்ன சத்தம் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அக்கா போனை என் கையில் திணித்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"ஹலோ? அம்மா அழறாங்களா? என்ன ஆச்சு? ஹலோ?"

"அழறாங்க" என்றேன். "நீங்க வாங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா வாங்க."

அன்றைக்கு மதியம் முழுக்க அக்கா அழுதார். வாசல் பெருக்குகிற பெண் வந்து பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். என்ன காரணம் என்று அவளும் கேட்கவில்லை. எனக்கு அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. அக்காவின் முதுகில் கையை வைத்தபடி இருந்தேன். அது ஏறி இறங்கியது என் கைக்குத் தெரிந்தது.

இரண்டு நாளில் மகள் வந்தாள். மழைக்கு முன்னால் அக்காவைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விரலுக்கு அங்கேதான் அறுவை சிகிச்சை நடந்தது, நல்லபடியாக ஆயிற்று. மோஷி வீட்டில் இப்போது ஒரு நாக்பூர்க் குடும்பம் இருக்கிறது. நானும் அந்த வருடக் கடைசியில் கராடிப் பக்கமே வந்துவிட்டேன். ஊர்க்காரர்கள் நிறைய இருக்கிறார்கள்தான். யாராவது கேட்டால் சொல்லிவிடுகிறேன்.

பொங்கலுக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. தூங்கி எழுந்த குரலாக இருந்தது.

"என்னக்கா பண்றீங்க அங்க?"

"மத்தியானத்துல தூங்குறேன்" என்றார். "இந்த வயசுக்கு நான் மத்தியானத்துல தூங்கினதே இல்ல. இப்ப படுத்தா சாயங்காலம் ஆவுது. நல்லா வருது."

"தூங்குங்கக்கா" என்றேன்.

"ம்" என்றார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். "இரு, அப்புறம் பேசுறேன்" என்று பேச்சின் நடுவிலேயே வைத்துவிட்டார்.